மேலாளருக்கு வந்த பூங்கொத்துகள்

முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த மேலாளரின் கட்டிலைச் சுற்றிக் குடுவை குடுவையாகப் பூக்கள்; ஒவ்வொன்றிலும் அனுப்பியவர் பெயர் எழுதிய அட்டை.

"எல்லாம் என் ஆபீஸ் பசங்க அனுப்பறது. நான் இல்லாம அவங்களுக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை" என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் அளந்துகொண்டிருந்தார்.

"கொடுத்து வச்சவர் சார் நீங்க. என்னை என் மச்சான்கூட எட்டிப் பார்க்கலை."

மேலாளரின் மனைவிக்கே ஆச்சரியம். வாயைத் திறந்தால் வசைதான் என்று பேரெடுத்த மனிதர் மேலா இத்தனை பாசம்?

அப்போது டாக்டர் வந்தார். "புண் ஏன் ஆறலைன்னு தெரிஞ்சுபோச்சு சார். சீழ்ல இருக்கற பாக்டீரியாவும் இந்தக் குடுவைத் தண்ணியில இருக்கறதும் ஒண்ணுதான். தெம்பான ஆளுகிட்ட வாலாட்டாது. புண்ணைப் பார்த்தா உள்ளே புகுந்து குடித்தனம் பண்ணும். இப்ப சாப்பிடற மாத்திரைக்கெல்லாம் மசியாது. இன்னைக்கே வேற ஊசி ஆரம்பிக்கறேன். ஆனா இனி ஒரு பூ உள்ளே வரக்கூடாது. வந்தா உங்க காலுக்கு நான் பொறுப்பில்லை."

"பசங்க மனசு நோகுமே..." என்று இழுத்தார் மேலாளர்.

"உங்க காலைவிடவா அவங்க மனசு பெருசு? இப்பவே போன் பண்ணுங்க!" என்றாள் மனைவி.

வேண்டாவெறுப்பாக எண்ணை அழுத்தினார். "நான்தான் பேசறேன். நாளையிலேருந்து பூ வேண்டாம். வச்சிடறேன்."

"ஒரு நன்றிகூடச் சொல்லாமலா?" என்று போனைப் பிடுங்கிய மனைவி, ஸ்பீக்கரைப் போட்டாள்.

அறை முழுக்க அந்தக் குரல் கேட்டது.

"ஏன் சார், பூ வாடியிருந்துதா? வேற கடைக்குப் போயிடாதீங்க சார்! நாளைக்கு அட்டையில உங்க ஆபீஸ்ல யார் பேரை எழுதணும்னு மட்டும் சொல்லுங்க!"