புல்டு த்ரூ

“அப்பா புல்டு த்ரூ. ஆல் பிகாஸ் ஆஃப் யூ.”

இங்கிலீஷ் எழுத்தில் வந்திருந்த செய்தியை பிரபாகர் மறுபடி மறுபடி படித்தான்.

ஜவ்வரிசி மில்லின் எடைமேடைக்குப் பக்கத்தில் அவனுடைய குட்டியானை வண்டி நின்றது. குச்சிக்கிழங்கு லோடு இறங்கிக்கொண்டிருந்தது.

செய்தி அனுப்பியவர் விக்டர். பெங்களூரில் வேலை. வாய் தமிழ் பேசும், விரல் இங்கிலீஷில்தான் எழுதும். அவருடைய அப்பா சவுரியப்பன் முந்தாநாள் கடத்தூர் சாலையில் டிவிஎஸ் வண்டியோடு விழுந்து, தலையில் அடிபட்டுக் கிடந்தார். உச்சி வெயிலில் ரோட்டில் வேறு ஆளே இல்லை. பிரபாகர்தான் அவரைத் தூக்கிக் குட்டியானையில் போட்டுத் தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

விக்டர் அலறி அடித்துக்கொண்டு வந்து சேரும்வரை ரத்தச் சட்டையோடு அங்கேயே நின்றான். அவர் இவன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

அடிபட்டவனைப் பார்த்தால் வீடியோ எடுக்கிற காலத்தில் இப்படியும் ஒரு பிள்ளையா என்று மில்லில் எல்லோரும் அவனைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

இப்போது இந்தச் செய்தி.

‘புல்’ தெரியும். பேங்க் கதவில் எழுதியிருக்கும். இழுக்க வேண்டியதைத் தள்ளித் தள்ளி, வாட்ச்மேனிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்ட வார்த்தை அது.

‘த்ரூ’தான் பிடிபடவில்லை. கூரியர் த்ரூ அனுப்பு என்பார்கள். அப்படியென்றால் அப்பா மூலமாக இழுத்தார்களா? யாரை? போனிலேயே மொழிபெயர்த்துப் பார்த்தான். அப்பா வழியாக இழுக்கப்பட்டார் என்றது அது.

பிரபாகரின் அப்பா சாகக் கிடந்தபோது, விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் வீட்டில் சொன்ன பதில் ஒன்றுதான். இழுத்துக்கிட்டு இருக்குது. அது ஞாபகம் வந்தது.

அடுத்த வரி அதைவிட மோசம். எல்லாம் உன்னால்தான். இதை யாரும் நல்லதுக்குச் சொல்லி அவன் கேட்டதில்லை. பத்தாவது ஃபெயிலானபோது அப்பா சொன்னார். கல்யாணம் ஆனதிலிருந்து கோகிலவாணி சொல்கிறாள்.

விக்டருக்கே போன் போட்டுக் கேட்டுவிடலாம். விரல் போகவில்லை.

எடை போடும் தர்மனிடம் காட்டினான். தெரியாது என்ற சொல் மட்டும்தான் தர்மனுக்குத் தெரியாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். வெறும் புல் என்றால்தான் இழுத்துக்கொண்டிருக்கிறது, கடைசியில் ‘டு’ சேர்ந்துவிட்டால் இழுத்து முடிந்துவிட்டது என்று இலக்கணம் சொன்னார். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, உன்னால் ஆனதைச் செய்தாய், விதி முடிந்தால் யார் என்ன பண்ண முடியும் என்று தோளைத் தட்டினார்.

பிரபாகர் வண்டிக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டு அழுதான். முன்னப்பின்ன தெரியாத கிழவருக்காக ஒரு ஆண்பிள்ளை இப்படி அழுவதை லோடு இறக்குகிறவர்கள் ஆச்சரியமாகப் பார்த்தார்கள். அழுது முடித்ததும் மைக்கை அழுத்திப் பிடித்து, விக்டருக்குத் தமிழிலேயே பேசி அனுப்பினான்.

அவன் முகம் கழுவிக்கொண்டு வந்தபோது வெண்மதி அங்கே நின்றாள். மில் ஆபீஸில் வேலை பார்க்கும் பெண். பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறாள். தர்மன் சாவுச் சேதியை இலக்கணத்தோடு அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். புல் டவுன் என்றால் இடிப்பது, புல் அப் என்றால் வண்டியை நிறுத்துவது, புல் அவுட் என்றால் விலகிக்கொள்வது என்று அவள் மனப்பாடமாக அடுக்கிவிட்டு, பிரபாகரைப் பார்த்துச் சிரித்தாள்.

“புல் த்ரூன்னா பொழைச்சிக்கிறதுங்க அண்ணா. ரெகவர், சர்வைவ், எல்லாம் ஒண்ணுதான். உங்களாலதான் அப்பா பொழைச்சாருன்னு நன்றி சொல்லியிருக்காருங்க.”

கிழவர் பிழைத்துவிட்டார்.

பிரபாகருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் மாரியம்மனுக்கும், கிழவர் கழுத்தில் தொங்கிய மாதாவுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டான். தர்மன், தானும் முதலில் அப்படித்தான் நினைத்ததாகச் சொன்னார்.

அப்புறம்தான் பேசி அனுப்பியது ஞாபகம் வந்தது.

அவசரமாகத் திறந்தான். மைக் நீலமாகியிருந்தது. விக்டர் கேட்டுவிட்டார், அவன் அழுகையோடு சொன்ன அத்தனையையும்.

“அப்பா தானா வுழுவலீங்க அண்ணா. பாட்டு மாத்தறேன்னு போனைப் பாத்துக்கிட்டே வந்து நான்தான் இடிச்சேன். ஆஸ்பத்திரியில சொல்லத்தான் வாயத் தொறந்தேன், அதுக்குள்ள நீங்க என்னைக் கையெடுத்துக் கும்புட்டுட்டீங்க.”

கீழே பதில் வந்திருந்தது. அதுவும் இங்கிலீஷில்தான்.

“கம் ஓவர்.”

வெண்மதி பக்கத்திலேயே நின்றாள். கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவாள். ஆனால் எதற்கு வந்த பதில் என்று அவள் கேட்பாள்.

‘ஓவர்’ என்றால் முடிந்தது என்றும் இருக்கலாம், நீ செய்தது ரொம்ப ஓவர் என்றும் இருக்கலாம். அவனுக்குக் குழப்பம் தீரவில்லை. ‘கம்’ மட்டும் புரிந்தது.

எங்கே கிளம்பிவிட்டாய் என்று தர்மன் கேட்டதற்கு, கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு வண்டியைத் தருமபுரிப் பக்கம் திருப்பினான்.