காரியத் தண்ணீர்

பத்து மணி ஆகியும் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை.

தங்கராசு மொட்டைத் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு, வறண்டு கிடந்த வாய்க்காலுக்குள் நின்றிருந்தான். கரையில் படையல் தயாராக இருந்தது. மனைவி அஞ்சலாட்சி செத்துப் பதினாறாம் நாள். நட்டு வைத்த கல்லை எடுத்து ஓடுகிற தண்ணீரில் விட்டால்தான் காரியம் முடியும். பன்னிரண்டுக்கு ராகுகாலம்.

ஊர் வீராணம் ஏரிக்குக் கடைமடை. ஏரியில் தண்ணீர் இல்லாமல் இல்லை, நிறையவே இருந்தது. சென்னைக்குப் போகிற குழாயில் அது நாள் தவறாமல் போய்க்கொண்டும் இருந்தது. இங்கே வருவதற்கு மட்டும் முறை வர வேண்டும். அந்த முறை எப்போது வரும் என்பது ஏரிக்கே தெரியாது.

சாவுக்கு மட்டும் முறை கிடையாது.

காரியம் என்று போய்ச் சொன்னால், மதகு திறக்கிற லஸ்கர் ஒரு நாள் தண்ணீர் விடுவார். யார் வீட்டுக் காரியம் என்று வழியில் இருக்கிற ஊர்களுக்கெல்லாம் போனில் சொல்லிவிடுவார். காரியத் தண்ணீர் என்று அதற்குப் பெயர். முறைத் தண்ணீருக்காக மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்கிற ஆட்கள்கூட அதில் ஒரு மடை வெட்ட மாட்டார்கள். பக்கத்திலேயே பயிர் காய்ந்துகொண்டிருக்கும். பேசாமல் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தங்கராசுக்குத் தெரிந்து யாரும் அதில் கை வைத்ததில்லை.

நேற்றுக் காலையிலேயே லால்பேட்டைப் பக்கம் மதகைத் திறந்தாகிவிட்டது. இப்போது இருக்கிற லஸ்கர் புதிதாக வந்தவர், நல்ல மனிதர், கேட்டதும் திறந்துவிட்டார். விடியும்போதே வந்து சேர்ந்திருக்க வேண்டிய தண்ணீர்.

"எவனோ மறிச்சிட்டான். செத்தவளுக்கு வர்ற தண்ணியில கை வச்சவன் வெளங்குவானா?" என்றாள் அஞ்சலாட்சியின் சித்தி. கரையில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஆளுக்கொரு சாபம் விட்டார்கள்.

தங்கராசு யாரையும் திட்டவில்லை. குனிந்து, ஈரம் ஏறியிருக்கிறதா என்று மண்ணைக் கையால் கிளறிப் பார்த்தான்.

போர் மோட்டாரைப் போட்டு நாலு குடம் ஊற்றி முடித்துவிடலாம் என்றார் காரியம் செய்து வைக்க வந்தவர். அந்த ஊர் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. தங்கராசு முடியாது என்று சொல்லிவிட்டான்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் இந்த வாய்க்காலோடுதான் கிடந்தாள். தண்ணீர் வருகிறது என்று யாராவது சொன்னால் போதும், அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு வயலுக்கு ஓடுவாள். இருபத்தாறு வருஷம். களை பறித்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். அவளுக்கென்று அவன் எதையும் செய்து கொடுத்ததில்லை. போகும்போது ஒரு வாய்க்கால் ஏரித் தண்ணீரையாவது கொடுத்தனுப்ப வேண்டும் என்று தவித்தான்.

பதினொன்றரைக்குச் செம்பியனின் பைக் வந்தது. அஞ்சலாட்சியின் தம்பி. தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்து வர, காலையில் வாய்க்கால் கரையோடு மேலே போனவன். வண்டியை நிறுத்திவிட்டுக் கரையில் இருந்தவர்களின் முகத்தைப் பார்க்காமல் நேராக வாய்க்காலுக்குள் இறங்கினான். மாமனின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நாலு ஊரு தள்ளி மடைய வெட்டி வயலுக்கு வுட்டுட்டாங்க மாமா. கேட்டா, தங்கராசு சம்சாரம் போன வருஷமே செத்துட்டாங்க, அதுக்கும் நாங்க தண்ணி வுட்டோம், ஒருத்தி எத்தினி தடவ சாவான்னு கேக்குறாங்க. என்னா மாமா இது?"



போய் அவர்களைக் கையோடு இழுத்து வந்து அக்காவின் போட்டோவைக் காட்டலாம் என்றான் செம்பியன். அவன் கண் கலங்கியிருந்தது. வேண்டாம் என்று தங்கராசு அவன் கையைப் பிடித்துக்கொண்டான். மோட்டாரைப் போடச் சொல்லி அனுப்பினான்.

போன வருஷம் சம்பா நட்டு இருபது நாள். முறை தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. வயல் கை நுழைகிற அளவுக்கு வெடித்துவிட்டது. தங்கராசு ஏரிக்குப் போய், அப்போது இருந்த லஸ்கர் ராபர்ட்டின் முன்னால் நின்று அழுதான். பயிரை நினைத்து வந்த அழுகை, அதனால் நடிக்க வேண்டியிருக்கவில்லை. ராபர்ட் அவன் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு மதகைத் திறந்தார். ஒரு பகல் முழுக்கத் தண்ணீர் வந்தது. வழியில் ஒருவர்கூடத் தொடவில்லை. சிலர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையில் நின்றார்களாம். உள்ளூரில் கேட்டவர்களிடம் முறை வந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தான்.

யோசனை அஞ்சலாட்சியுடையது. அவன் தயங்கித் தயங்கி நின்றபோது அவள்தான் சட்டையை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

"என் பேரச் சொல்லிட்டு வா. சொன்னா செத்தா பூடுவேன்?"

அந்தத் தண்ணீரில் பிழைத்த நெல்லைத்தான் வருஷம் முழுக்கச் சாப்பிட்டார்கள். பதினாறு நாளைக்கு முன்னால் அவன் அவள் வாயில் போட்ட வாய்க்கரிசியும் அதிலிருந்து எடுத்ததுதான்.