புகைப்படத்தில் இருந்தபடி

"இந்த நாற்காலியை மறுபடியும் யாரு திருப்பினது?"

கலை இயக்குநர் போட்ட சத்தத்தில் படப்பிடிப்புத் தளமே ஒரு நிமிடம் அடங்கியது. ஏணிமேல் நின்றிருந்த தச்சர் வாயில் கவ்வியிருந்த ஆணிகளை எடுத்துவிட்டுப் பதில் சொன்னார். அந்தப் பழக்கத்தால் அவருக்கு 'ஆணி' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"என்னைப் பாக்காதீங்க மேடம். சாப்பிடப் போனேன், வந்தேன். அந்தப் பக்கமே போகல."

"மூணு நாளா இதே கூத்து. நான் கதவைப் பாத்துப் போட்டுட்டுப் போறேன். சாப்பிட்டுட்டு வந்தா ஜன்னலைப் பாத்து உக்காந்திருக்கு. கால் முளைச்சு நடந்துச்சா?"

"அந்த டீச்சரம்மாவே வந்து திருப்பிட்டுப் போறாங்களோ என்னவோ."

"ஆணி, நீங்க வாயில ஆணியையே வச்சுக்கிட்டு இருங்க. ஊருக்கு நல்லது."

எல்லோரும் சிரித்தார்கள். கலை இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை.

அது ஒரு பழைய கொலை வழக்கைப் பற்றிய தொடர். முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மாலையில், தன் அறையில் உட்கார்ந்து தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்த ஆசிரியையை யாரோ கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் தகவல் சொல்லி, மறுநாள் காலையில்தான் போலீஸ் வந்தது. அன்று எடுத்த ஆறு கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களைப் பெரிதாக்கி எதிரே ஒட்டிவைத்துக்கொண்டுதான் அவள் இந்த அறையைக் கட்டியிருந்தாள்.

புகைப்படத்தில் அந்தப் பெண் பிரம்பு நாற்காலியில் தலை சாய்ந்து கிடந்தாள். நாற்காலி கதவைப் பார்த்திருந்தது. வழக்கே அதில்தான் நின்றது. உள்ளே வந்தவனை அவள் பார்த்திருக்கிறாள். பார்த்தும் எழுந்திருக்கவில்லை, கத்தவில்லை. அப்படியானால் வந்தவன் வீட்டு மனிதன்தான். இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர், அந்தக் காலையில் முதல் ஆளாக உள்ளே நுழைந்த இளம் இன்ஸ்பெக்டர். தான் அப்போது வீட்டிலேயே இல்லை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்த கணவன், சிறையிலேயே செத்துப்போனான்.

தொடரின் கதாநாயகன் அந்த இன்ஸ்பெக்டர்தான். அறுபதைத் தாண்டிய அவரையே ஆலோசகராகவும் போட்டிருந்தார்கள். தினமும் வந்து, செருப்பை செட்டுக்கு வெளியே கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் உள்ளே போய் நிற்பார். "விளக்கு மூடி பச்சைம்மா, நீலம் இல்ல." "திரைச்சீலை தரையைத் தொடாது. நாலு விரல் மேல நிக்கும்." அவர் சொன்னபடி மாற்றியதும் அறைக்கு உயிர் வந்ததுபோல் இருக்கும்.

இயக்குநர் வேகமாக வந்தார். "நாற்காலிப் பிரச்சினை தீந்துச்சா?"

"தீந்துடும் சார்."

"மத்தியானம் டேக். போன தொடர்ல உங்க பிளக் பாயின்ட்டைச் சிவப்பு வட்டம் போட்டு நாடு பூரா சுத்த விட்டாங்க. அந்த வருஷத்துல அப்படி ஒரு பிளக்கே கிடையாதாம். இதுலயும் ஒண்ணு மாட்டுச்சு, அப்புறம் நான் இல்ல, எவனும் உங்களைக் கூப்பிட மாட்டான்."

அவள் தலையாட்டினாள். நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பி, நான்கு கால்களுக்கும் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டாள்.

சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரும் போனார்கள். அவள் போகவில்லை. செட்டின் பின்புறம் போய் நின்றுகொண்டாள். அந்தப் பக்கம் வெறும் ஒட்டுப்பலகையும் சட்டங்களும்தான். ஆனால் கேமராவுக்காகச் சுவரில் விட்டிருந்த ஓட்டை வழியே பார்த்தால், உள்ளே முப்பத்திரண்டு வருடங்களுக்கு முந்தைய மாலை மங்கிக்கொண்டிருந்தது. பச்சை விளக்கு. அசையாத திரை. மடியில் அட்டையை வைத்துத் தாள் திருத்திய யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல் ஒரு நாற்காலி.

ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. தச்சர் சொன்னது நினைவுக்கு வந்து தொலைத்தது.

பிறகு, காலடிச் சத்தமே இல்லாமல், பிரம்பு மட்டும் கிறீச்சிட்டது.

அவள் கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள். பழைய இன்ஸ்பெக்டர். நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துப் பக்குவமாகத் திருப்பிக்கொண்டிருந்தார்.

போன உயிர் திரும்பியது. சிரித்தபடியே சுற்றிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"நீங்கதானா சார்! மூணு நாளா என் தூக்கமே போச்சு. சொல்லியிருக்கலாம் இல்ல?"

அவர் திரும்பவில்லை. ஓரடி பின்னால் வந்து ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மறுபடி போய் நாற்காலியை ஓர் அங்குலம் நகர்த்தினார்.

"சார், போட்டோவுல கதவைப் பாத்துதானே இருக்கு? நீங்க காலையில வந்தப்ப எடுத்ததுதானே?"

"காலையில அப்படித்தான் இருந்துச்சு." குரல் எங்கிருந்தோ வருவதுபோல் இருந்தது. "நீங்க எடுக்கப்போறது அதுக்கு முந்தின சாயங்காலத்தை. தத்ரூபமாக் கட்டியிருக்கீங்கம்மா. அப்படியே அந்த அறை. இது ஒண்ணுதான் கண்ணை உறுத்திக்கிட்டே இருந்துச்சு."

"ஜன்னல் வெளிச்சத்துக்காகத் திருப்பி உக்காந்திருப்பாங்கன்னு சொல்றீங்களா?"

"வெளிச்சத்துக்காகவா, எதுக்காகவோ..." அவர் பிரம்பின் முதுகைத் தடவிக்கொடுத்தார். "கதவுக்கு முதுகைக் காட்டிதாம்மா உக்காந்திருந்தாங்க. இல்லேன்னா நான் உள்ள வந்ததைப் பாத்திருப்பாங்களே."