அசரீரி வேஷம்

“இந்த சீசன் முழுக்க ராணி வேஷம் எனக்கு. பாலம்மா அசரீரிக்குப் போகட்டும்” என்றாள் முருகம்மாள்.

நாடகக் காண்ட்ராக்டர் சிவசைலம் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். பேசும் படம் வந்த பிறகும் அவருடைய தென்காசிக் கொட்டகையில் கூட்டம் குறையவில்லை. குற்றாலத்தில் குளிக்க வந்தவர்கள் சாயங்காலமானால் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வந்ததே பத்தொன்பது வயது பாலம்மாளைப் பார்க்கத்தான்.

“திரைக்குப் பின்னால நின்னு குரல் குடுக்கதுக்கா அந்தப் பிள்ளை? உனக்கு நாப்பது தாண்டிட்டே. நீயே வேண்டாம்னு விட்ட வேஷம்லா?”

“இப்ப வேணும். இல்லன்னா நாளைக்கே மதுரைக்கு ரயிலேறுதேன்.”

முருகம்மாளின் பாட்டு இல்லாமல் நாடகம் இல்லை. காண்ட்ராக்டர் பணிந்தார்.

ஆர்மோனியக்காரர் முகம்மது மீரான் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: “வயசானா ஆசை போவும்பாங்க. சிலபேருக்கு அப்பத்தான் வருது.”

பாலம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள். அவளுக்கு யாருக்கும் தெரியாத இன்னொரு கவலையும் இருந்தது. முகப்பரு ஆறிய இடமெல்லாம் கறுப்பாகத் தங்கிவிட்டது. அதை மறைக்க அரிதாரத்தைக் கெட்டியாக அப்பினாள். அப்ப அப்பப் பருவும் கூடியது, கறுப்பும் கூடியது. பகலில் முந்தானையால் பாதி முகத்தை மூடியே நடமாடினாள்.

காண்ட்ராக்டர் கண்ணில் பட்டால் தீர்ந்தது. போன வருஷம் முகம் கறுத்த ஒருத்தியைப் பாதி சீசனில் ஊருக்கு அனுப்பியவர் அவர். அதற்கப்புறம் எந்தக் கொட்டகையும் அவளைக் கூப்பிடவில்லை. பாலம்மாளின் சம்பளத்தில்தான் சுரண்டையில் அவள் வீட்டு உலை கொதித்தது.

முருகம்மாள் வேஷத்தைப் பிடுங்கியதோடு நிற்கவில்லை. தினமும் காலையில் துணி சுமக்கவென்று பாலம்மாளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனாள். அவள் மட்டும் அருவியில் இறங்கமாட்டாள். தொண்டை கட்டிவிடுமாம். போட்ட பவுடர் கலையாமல் பாறையில் உட்கார்ந்துகொண்டு, கஸ்தூரி மஞ்சளையும் ஆவாரம்பூவையும் பயற்றம்பருப்பையும் தயிர் விட்டு அரைக்கச் சொல்வாள்.

“மொதல்ல உன் மூஞ்சில பூசு.”

“எதுக்கு அக்கா?”

“எரியுதான்னு பாக்கணும்லா. என் மூஞ்சி வெந்துபோச்சுன்னா யாரு ராணி? வெயில்ல நிக்காத, நெழல்ல உக்காந்து காய விடு.”

பாலம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முருகம்மாள் அந்தப் பக்கம் திரும்பும்போது கிண்ணத்திலிருந்து இன்னொரு பூச்சு எடுத்துப் பூசிக்கொண்டாள். வேஷத்தைத் திருடியவளிடம் மஞ்சளையாவது திருடுவோமே.

மிச்சத்தை, “நான் பெறவு பூசிக்கிடுதேன்” என்று முருகம்மாள் எடுத்துப் போவாள்.

மீரானுக்கு இதுவும் தெரிந்தது. “ராசாமாரு சோத்தைத்தான் நாய்க்கு வச்சுப் பாப்பாங்க. இங்கன மஞ்சளுக்கும் வந்துட்டு” என்றார்.

கொட்டகையில் முருகம்மாள் ராணியாக வந்து நின்றாலே தரை டிக்கட்டிலிருந்து குரல் வரும்.

“ராணியம்மா, பேரன் பேத்தியெல்லாம் சொகமா?”

சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டு, விட்ட இடத்திலிருந்து அவள் பாடுவாள். அசரீரியின் குரல் எழுந்ததும்தான் கொட்டகை அமைதியாகும். அசரீரிக்கு அரிதாரம் கிடையாது; முதலில் வசனம் மட்டும்தான். “எனக்கு மூச்சு வாங்குது. நடுவுல அவ ரெண்டு பாட்டு பாடட்டும்” என்று மீரானிடம் சொல்லிச் சேர்க்கவைத்ததும் முருகம்மாள்தான்.

ஆவணி பிறந்தது. அருவியில் தண்ணீர் மெலிந்தது. கடைசி நாடகத்தன்று மத்தியானம் முருகம்மாள் ராணியின் கிரீடத்தைக் கொண்டுவந்து பாலம்மாள் மடியில் வைத்தாள்.

“இன்னைக்கு நீ ராணி. அரிதாரம் மெல்லிசாப் போதும்.”

“ஏன், அசரீரிக்குக் கைதட்டு கூடிப்போச்சாக்கும்?”

முருகம்மாள் துணியைத் தேங்காய் எண்ணெயில் நனைத்துத் தன் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பவுடர் போனது. கம்பெனியில் யாரும் பார்த்திராத முகம் வெளியே வந்தது. இரண்டு கன்னமும் தாடைவரை கறுத்துத் தடித்துக் கிடந்தன.

பிறகு கண்ணாடியை எடுத்துப் பாலம்மாள் முகத்துக்கு நேரே பிடித்தாள். அந்த முகத்தில் கறுப்பு இருந்த இடமே தெரியவில்லை.

பாலம்மாள் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்ப... அந்த மஞ்சள் எனக்கா?”

“ரெண்டாம் தரம் நீ களவாண்டதுக்கும் சேத்துத்தான் அரைக்கச் சொன்னேன்.”

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா அக்கா. ஊரே உங்களப் பொறாமைக்காரின்னு பேசுது. நானும் பேசினேன்.”

“நீ நெசமாத் திட்டப்போயித்தான் காண்ட்ராக்டர் நம்புனாரு. பொறாமைக்காரின்னு பேரெடுத்தா அடுத்த ஊர்ல வேஷம் உண்டு. மூஞ்சி போனவன்னு பேரெடுத்தா கெடையாதுட்டி.”

பாலம்மாள் கிரீடத்தைக் கீழே வைத்தாள். “இதை நீங்க அந்தக் காலத்துலயே பூசியிருக்கலாமே.”

“மஞ்சளா கெடைக்கல?” முருகம்மாள் பவுடர் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “உன் வயசுல எங்கிட்ட ராணி வேஷத்தப் பிடுங்க ஒருத்தி வரல.”