நெல்லிக்காய் ஜாடி சொல்லாமல் விட்டது

ஒரு சமையலறை அலமாரியில் உப்புநீரில் புளித்த நெல்லிக்காய் ஜாடியும், சர்க்கரை பார்க்கும் மீட்டரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

வீட்டுக்காரர் தணிகாசலத்துக்குப் பல வருடமாகச் சர்க்கரை நோய். புளித்த நெல்லிக்காய் அதைக் குறைக்கும் என்று யாரோ சொல்ல, தினமும் காலையில் எடுத்துத் தின்றார். முதலில் மீட்டரிலும் கொஞ்சம் குறைந்தது. “இனி இதுதான் எனக்கு மருந்து” என்று மனைவி பூங்கோதையிடம் சொல்லிவிட்டு மாத்திரையை நிறுத்தினார்.

அப்புறம் சர்க்கரை ஏறியது. மீட்டர் உள்ளதைக் காட்டியது. “இது கெட்டுப்போச்சு” என்று அதை மூலையில் தள்ளினார்.

ஜாடிக்குச் சங்கடமாகிவிட்டது. “அண்ணே, நான் மோர்ச்சோற்றுக்குத் தொட்டுக்க வந்தவன். மாத்திரை செய்கிற வேலை எனக்குத் தெரியாது. நீங்கள் அவரிடம் சொல்லுங்களேன்.”

“சொன்னதால்தான் இந்த மூலைக்கு வந்தேன்” என்றது மீட்டர். “நீ சொன்னால் கேட்பார். உன்னைத்தான் அவருக்குப் பிடித்திருக்கிறது.”

சொல்லத்தான் வேண்டும் என்று ஜாடி நினைத்தது. ஆனால் காலையில் அவர் ஆசையாக வந்து அதைத் துடைத்து மூடியைத் திறந்தபோது, நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டது. மறுநாளும் அப்படித்தான்.

மழைக்காலத்தில் அவருக்குச் செருப்புக் கடித்த புண் ஆறவே இல்லை. ஆஸ்பத்திரியில் பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

வீடு திரும்பியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அலமாரிக்கு வந்தார். ஜாடியைத் தடவிக்கொடுத்தார்.

“நீ மட்டும் இல்லையென்றால் முழுக் காலும் போயிருக்கும்” என்றார்.

மீட்டர் ஜாடியைப் பார்த்தது. ஜாடி இன்றும், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டது.