கழுதை வாங்கிய வாஷிங் மெஷின்

ஊரார் அழுக்கு மூட்டையை வாய்க்காலுக்குச் சுமந்து சுமந்து முதுகு தேய்ந்துபோன முத்திருளி என்கிற கழுதை, காயலான் கடையில் ஒரு குட்டி வாஷிங் மெஷினை வாங்கியது. கடைக்காரரைவிட மெஷினுக்கு வயது அதிகம். அடியில் நாலு சக்கரம் இருந்தது, அழகாக உருண்டது. துவைக்க மட்டும் மாட்டேன் என்றது.

"இனிமே என் முதுகுல ஒரு கைக்குட்டைகூட ஏறாது, பாரு" என்று வாய்க்கால் எருமையிடம் சவால் விட்டுவிட்டு, முத்திருளி மெக்கானிக் குரங்கைக் கூட்டி வந்தது.

குரங்கு கழற்றியது, ஊதியது, எண்ணெய் விட்டது, திரும்ப மாட்டியது. முடித்தபோது ஏழு திருகாணியும் கனத்த இரும்புக் கட்டி ஒன்றும் தரையில் மிச்சம் கிடந்தன.

"இதெல்லாம் எங்கண்ணே மாட்டணும்?"

"கம்பெனிக்காரன் கூடுதலா போட்டிருக்கான் தாயி. நீ சுவிட்சைப் போடு."

வேட்டிகளை உள்ளே போட்டு சுவிட்சைத் தட்டியதும் மெஷின் ஜோராகச் சுற்றியது. பிறகு குதித்தது. அப்புறம் ஒயரைப் பிடுங்கிக்கொண்டு வாசலைத் தாண்டித் தெருவில் ஓடியது. முத்திருளி பாய்ந்து அதன் குழாயைப் பல்லால் கவ்வியது. மெஷின் நின்றால்தானே? கழுதையையும் இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கி, வாய்க்காலில் விழுந்துதான் ஓய்ந்தது.

மூச்சிரைக்க ஓடிவந்த குரங்கு, "பாத்தியா தாயி, அலசுற இடத்துக்கு அதுவே வந்துருச்சு" என்றது.

தண்ணீரில் கிடந்த எருமை தலையைத் தூக்கியது. "என்ன முத்திருளி, பழையபடி இங்கதானா?"

முத்திருளி எழுந்து சேற்றை உதறியது. சாவகாசமாகத் திரும்பி நின்று முதுகைக் காட்டியது.

"நல்லா பாத்துக்க. கைக்குட்டை இருக்கா?"