இடது ஜன்னல்

வேல்ஸ் கோட்டைகளை இருட்டில் படமெடுப்பவன் கெத்தின். கேமராவின் ஷட்டரை வெகுநேரம் திறந்துவைத்து அவன் நிற்க, கறுப்புக் கோட்டு மாட்டிய மனைவி எலுனெட் டார்ச்சோடு நடந்து சுவர் நெடுக வெளிச்சம் அடிப்பாள். ஓரிடத்தில் நிற்காததால் அவள் மட்டும் படத்தில் விழமாட்டாள். இத்தனை வருஷப் படங்களில் ஒன்றில்கூட அவள் இல்லை.

அவள் இறந்தபின் இன்றுதான் முதல்முறையாக, அவர்கள் கடைசியாகப் படமெடுத்த கோட்டைக்கு வந்திருந்தான்.

"டார்ச் அடிக்க யாருய்யா?" கதவைத் திறந்துவிட்ட காவலாளி இவோர் கேட்டான்.

"யாரும் வேண்டாம். நிலா போதும்."

"காய்ச்சலோட அவளை மழையில நடக்கவிட்டியே, அன்னிக்குப் போதலையாக்கும்."

"ஒவ்வொரு தடவையும் இடது ஜன்னலை விட்டுடுவா. திரும்ப நடக்கவிடாம என்ன பண்றது?"

டார்ச் காரிலேயே கிடந்தது. கெத்தின் ஷட்டரைத் திறந்தான். பழக்கதோஷத்தில் இருட்டைப் பார்த்துக் கத்தினான்.

"இடது ஜன்னலை விட்டுடாதடி."

கத்தியபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். இவோர் வேறு பக்கம் பார்த்தான்.

சற்றுநேரத்தில் திரையில் படம் வந்தது. நிலவொளியில் சுவர் சாம்பலாக நின்றது. இடது ஜன்னல் மட்டும் டார்ச் பட்ட மஞ்சளில், ஒரு மூலை விடாமல் பளிச்சென்று இருந்தது.

இவோர் குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

"சரியா அடிச்சிருக்கா," என்றான். "இப்பவாவது அவளைப் போகச் சொல்லுய்யா."